அட்டையில் வாந்தி 0. குமட்டலை எப்படி அளப்பது?

தூக்கமில்லா_அம்மா | திங்கள், இரவு 11.40

இவ்வளவு நாளும் படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். இன்றைக்குத்தான் முதல்முறையாக எழுதுகிறேன்.

மகளுக்கு 5 வயது. மூன்றாவது சுற்று கீமோ போன வாரம் முடிந்தது. கட்டிலில் தொங்கும் அட்டையில் 'வாந்தி' என்ற கட்டத்தில் நான்கு நாளும் 0 போட்டிருக்கிறது. ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் அதைப் பார்த்தார், "நல்ல கன்ட்ரோல்ல இருக்கு" என்றார், அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஒரு தடவைகூட அவள் வாந்தி எடுக்கவில்லை.

நான் பார்த்தது வேறு. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு எச்சிலை விழுங்கிக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது. வராந்தாவில் சாப்பாட்டு வண்டியின் சக்கரச் சத்தம் கேட்டதுமே போர்வையை மூக்குவரை இழுத்துக்கொள்வாள், வாசனை வருவதற்கு முன்பே. உதடு வெளுத்துப் போயிருந்தது. இத்தனைக்கும் நர்ஸ் வந்து "குமட்டலா இருக்காம்மா?" என்று கேட்டால், இல்லை என்று தலையாட்டுகிறாள்.

"இருக்கு சிஸ்டர்" என்றேன் நான். "பாப்பாவே இல்லைங்கறாளே" என்றார்கள். அதற்கு மேல் என்ன பேசுவது?

வலி என்றால் முகப் படங்களைக் காட்டி எது என்று கேட்கிறார்கள். குமட்டலுக்கு அப்படி ஒன்றும் கிடையாதா? இருந்தால் எப்படிக் கேட்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாம்_மாடி_அப்பா | திங்கள், நள்ளிரவு 12.15

அக்கா, இதே கதைதான் எங்கள் வீட்டிலும். பையனுக்கு 9 வயது. அவனும் "இல்லை" என்றுதான் சொல்லுவான். ஆனால் காரணம் வேறு. ஒருநாள் ராத்திரி விளக்கை அணைத்த பிறகு மெதுவாகக் கேட்டேன். "இருக்குன்னு சொன்னா இன்னொரு மாத்திரை தருவாங்க, வீட்டுக்கும் விடமாட்டாங்க" என்றான். கணக்குப் போட்டுத்தான் பொய் சொல்லியிருக்கிறான்.

அதனால் பிள்ளை இல்லை என்று சொன்னால், ஏன் இல்லை என்கிறது என்பதையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

வார்டு_சிஸ்டர் | செவ்வாய், காலை 6.05

நைட் டியூட்டி முடித்துவிட்டு எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் புற்றுநோய் வார்டில் 11 வருடமாக இருக்கிறேன்.

முதலில் ஒன்று. வாந்தியை எண்ணலாம், ஓங்கரிப்பையும் பக்கத்தில் இருப்பவர் பார்த்து எண்ணலாம். குமட்டல் உள்ளே இருக்கும் உணர்வு. அதை அனுபவிப்பவர் சொன்னால்தான் உண்டு. இப்போதுள்ள மருந்துகள் வாந்தியை நிறுத்துகிற அளவுக்குக் குமட்டலை நிறுத்துவதில்லை. அதனால் வாந்தி 0 என்ற அட்டைக்குப் பின்னால் நாள் முழுக்கப் புரட்டலோடு கிடக்கிற குழந்தை இருப்பது அபூர்வமே இல்லை.

இரண்டாவது, கேட்ட வார்த்தை. 5 வயதுக் குழந்தையிடம் 'குமட்டல்' என்று கேட்டால் அதற்கு என்ன புரியும்? யோசித்துப் பாருங்கள், வீட்டில் எப்போதாவது அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறீர்களா? வயித்தைப் புரட்டுது, உமட்டுது, ஒரு மாதிரி வருது, வாந்தி வர்ற மாதிரி இருக்கு... இப்படித்தானே நாம் பேசுகிறோம்? குழந்தைக்குத் தெரியாத வார்த்தையில் கேட்டால் பாதிப் பேர் தலையை ஆட்டிவிடுவார்கள். எங்கள் வார்டில் ஒரு குட்டிப்பையன் 'வயிறு' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பசி, வலி, மலச்சிக்கல், குமட்டல் நான்கையும் சமாளித்தான்.

கருவி இருக்கிறது. பெனாட் என்று ஒன்று. கனடாவில் டொராண்டோ நகரத்தின் சிக்கிட்ஸ் மருத்துவமனையில் லீ டுபுயி என்ற ஆராய்ச்சியாளரும் அவருடன் இருந்தவர்களும் உருவாக்கி 2006இல் வெளியிட்டார்கள். கீமோ எடுக்கும் 4 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கானது. நான்கு முகங்கள், 1 முதல் 4 வரை எண். 1 என்றால் குமட்டலே இல்லை, 4 என்றால் ரொம்ப மோசம். எனக்கு அதில் பிடித்தது முகங்கள் அல்ல, அதற்கு முந்தின படி. வாந்தி வரும்போல இருப்பதைச் சொல்ல இந்தக் குழந்தை எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம் கேள்வி முழுவதும் அந்தச் சொல்லில்தான்.

அம்மா, உங்கள் மகள் அதற்கு என்ன சொல்லுவாள்?

தூக்கமில்லா_அம்மா | செவ்வாய், காலை 9.20

அதுதானே சிஸ்டர், எனக்கே தெரியவில்லை. கேட்டுப் பார்க்கிறேன்.

எண்ணில்_நம்பிக்கையில்லை | செவ்வாய், மதியம் 1.10

கொஞ்சம் எதிர்த்துப் பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். என் மகளுக்குச் சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. இந்த முகப் படங்களை நிறையப் பார்த்துவிட்டோம். அவள் எப்போதும் சிரிக்கிற முகத்தைத்தான் தொடுவாள். ஏன் என்று கேட்டால் "இதுதான் அழகா இருக்கு" என்பாள். அழுதுகொண்டே சிரிக்கிற முகத்தைத் தொட்டதையும் பார்த்திருக்கிறேன். அதை நர்ஸ் அட்டையில் ஏற்றிவிடுவார். அட்டையில் ஏறிய எண்ணை அப்புறம் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். குமட்டலை எண் ஆக்குவது ஆஸ்பத்திரியின் வசதிக்கு. பெற்றவளுக்குப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் தெரியாதா?

வார்டு_சிஸ்டர் | செவ்வாய், மாலை 5.30

நீங்கள் சொல்வதில் பாதி சரி. சிரிக்கும் முகத்தில் ஆரம்பித்து அழும் முகத்தில் முடிகிற வரிசை என்றால், குழந்தை 'நான் சந்தோஷமா இருக்கேனா' என்ற கேள்விக்குத்தான் பதில் சொல்லும். அம்மா வந்துவிட்டாள், சந்தோஷம், சிரிக்கிற முகம். வயிறு இன்னும் புரட்டிக்கொண்டுதான் இருக்கும். வலிக்கான முகங்களைக் குமட்டலுக்கு அப்படியே எடுத்து நீட்டுவதும் தப்பு.

அதனால்தான் குமட்டலுக்கென்றே வரைந்த முகங்கள் வந்தன. பார்ஃப் என்று இன்னொன்று, 2011இல் வெளியானது. ஆறு முகங்கள், 0, 2, 4 என்று 10 வரை போகும். கடைசி முகம் வாந்தி எடுத்துக்கொண்டே இருக்கும். அந்தச் சொல்லுக்கே ஆங்கிலக் கொச்சையில் வாந்தி என்றுதான் அர்த்தம், வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளுக்கு அந்த முகங்களைப் பார்த்தாலே சிரிப்பு வந்துவிடும். ஆனால் சின்னக் குழந்தைகளுக்கு ஆறு முகம் அதிகம். நாலு வயது, அஞ்சு வயதுக்கு நான்கு முகமே போதும்.

இன்னொரு விஷயம். அட்டையை முதன்முதலில் குழந்தைக்குப் புரட்டும் நேரத்தில் காட்டக் கூடாது. நன்றாக இருக்கும்போது, கீமோவுக்கு முன்னால், விளையாட்டுப் போலக் காட்ட வேண்டும். "அன்னைக்கு கார்ல வாந்தி எடுத்தியே, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி எப்படி இருந்துச்சு? இதுல எந்த மூஞ்சி?" என்று கேட்க வேண்டும். பெரிய எண் உள்ள முகத்தைக் காட்டினால், "சரி, நல்லா விளையாடிட்டு இருக்கும்போது எந்த மூஞ்சி?" என்று அடுத்த கேள்வி. இரண்டுக்கும் ஒரே முகத்தைத் தொட்டால் குழந்தைக்கு இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். அந்தக் குழந்தையின் எண்ணை நான் நம்ப மாட்டேன், அப்படியே அட்டையிலும் எழுதிவைப்பேன். உங்கள் மகளிடம் யாரும் இந்தச் சோதனையைச் செய்யவில்லை என்று நினைக்கிறேன். அது எங்கள் பக்கத்துக் குறை, அட்டையின் குறை இல்லை.

பெற்றவருக்குத் தெரியாதா என்றால், தெரியும். ஆனால் எல்லாம் தெரியாது. வலியானாலும் குமட்டலானாலும் பெற்றோர் சொல்வதும் பிள்ளை சொல்வதும் பல சமயம் ஒத்துப்போவதில்லை. மூன்றாம் மாடிக்காரர் மகன் ராத்திரி இருட்டில் சொல்லாமல் இருந்திருந்தால் அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

எண்ணில்_நம்பிக்கையில்லை | செவ்வாய், மாலை 6.02

சரி, கார் கேள்வியை எங்களிடம் யாரும் கேட்கவில்லை. அதை ஒத்துக்கொள்கிறேன். மற்றதை யோசிக்கிறேன்.

தூக்கமில்லா_அம்மா | செவ்வாய், இரவு 10.15

சிஸ்டர், கண்டுபிடித்துவிட்டேன்!

நேரடியாகக் கேட்டால் பதில் வரவில்லை. பொம்மையைப் படுக்கவைத்து, "பாப்பா பொம்மை இப்போ வாந்தி எடுக்கப்போகுது, அதுக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அதன் கழுத்தில் விரலை வைத்து, "இங்க தண்ணி நிக்குது" என்றாள். "உனக்கும் அப்படி நிக்குமா?" "ஆஸ்பத்திரில நின்னுச்சு." "நிறையவா?" "நிறைய. முழுங்கினாலும் போகாது."

நான்கு நாளும் அவள் விழுங்கிக்கொண்டே இருந்தது இதைத்தான். குமட்டல் இருக்கா என்று கேட்டபோது இல்லை என்றதும் பொய்யில்லை. அவளுக்கு இருந்தது குமட்டல் இல்லை, தொண்டையில் தண்ணீர்.

எழுதும்போதே அழுகை வருகிறது. விடுங்கள்.

வார்டு_சிஸ்டர் | புதன், காலை 6.20

அழாதீர்கள் அம்மா, பெரிய காரியம் செய்திருக்கிறீர்கள். வாந்திக்கு முன்னால் எச்சில் நிறைய ஊறும். அதைத்தான் அவள் சொல்லியிருக்கிறாள், எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு சரியாகச் சொல்லாது. அடுத்த அட்மிஷன் அன்றே 'குழந்தையின் சொல்: தொண்டையில் தண்ணி நிக்குது' என்று ஒரு தாளில் கொட்டையாக எழுதி அட்டையோடு ஒட்டச் சொல்லுங்கள். ஷிஃப்ட் மாறும்போது சிஸ்டர் மாறுவார். கேள்வி மாறக் கூடாது.

மருந்துப்_பெட்டி | புதன், காலை 11.00

நான் மருந்தாளர். எப்படிக் கேட்பது என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். எப்போது கேட்பது என்பதும் அதே அளவு முக்கியம், அதை நான் சொல்கிறேன்.

கீமோ ஏறிய முதல் 24 மணி நேரத்தில் வருவதை உடனடிக் குமட்டல் என்பார்கள். கீமோ மருந்து சிறுகுடல் சுவரில் உள்ள சில செல்களைத் தாக்குகிறது, அவை செரட்டோனின் என்ற ரசாயனத்தைக் கொட்டுகின்றன, வேகஸ் நரம்பு அந்தச் செய்தியை மூளைக்குக் கொண்டுபோகிறது. ஒன்டான்செட்ரான், கிரானிசெட்ரான் போன்ற வாந்தித் தடுப்பு மருந்துகள் எல்லாம் அடைப்பது அந்த வழியைத்தான். 24 மணி நேரத்துக்குப் பிறகு வருவது தாமதக் குமட்டல். அதில் சப்ஸ்டன்ஸ் பி என்ற வேறொரு பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. அப்ரெபிட்டன்ட் என்ற மருந்து அந்த வழியை அடைக்கிறது. அதனால் முதல் நாள் அருமையாக வேலை செய்த மருந்து மூன்றாம் நாள் போதாமல் போகலாம். சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ மருந்துகளில் இது நன்றாகவே தெரியும்.

முதல் நாள் எல்லாரும் கேட்பார்கள். மூன்றாம் நாள், நான்காம் நாள் குழந்தை வீட்டில் இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். தாமதக் குமட்டல் பெரும்பாலும் நழுவுவது அங்கேதான். கீமோ தொடங்குவதற்கு முன் ஒரு எண், அது அடிப்படை. அப்புறம் தினமும் காலை, மாலை, கூடவே குழந்தை முகம் மாறும்போதெல்லாம். கடைசி டோஸ் முடிந்த பிறகும் ஐந்து நாள் விடாமல் எழுதுங்கள். கேட்கும்போது "இப்போ எப்படி இருக்கு" என்று கேளுங்கள். "இன்னைக்கு முழுக்க எப்படி இருந்துச்சு" என்று சின்னப் பிள்ளையைக் கேட்டால் கடைசிப் பத்து நிமிடத்தைத்தான் சொல்லும்.

இன்னொன்று, வாந்தி 0 என்பது மட்டுமே முழுக் கட்டுப்பாடு ஆகிவிடாது. குழந்தைகளுக்கான வழிகாட்டுதல்கள் வாந்தி இல்லை, ஓங்கரிப்பு இல்லை, குமட்டல் இல்லை, தடுப்புக்குக் கொடுத்ததற்கு மேல் மருந்து தேவைப்படவில்லை, குமட்டலால் சாப்பாடு மாறவில்லை என்று எல்லாம் சேர்ந்ததைத்தான் முழுக் கட்டுப்பாடு என்கின்றன. டாக்டரிடம் இதைப் பணிவாகவே கேட்கலாம்: "டாக்டர், வாந்தி இல்லை சரி, மற்ற நாலும் எப்படி?"

மூன்றாம்_மாடி_அப்பா | புதன், மதியம் 12.40

மருந்துப்பெட்டி அண்ணா, ஒரு சந்தேகம். எங்கள் அட்டையில் குமட்டலுக்கு 'கிரேடு 1, 2, 3' என்று போடுகிறார்கள். அதுவும் இதுவும் ஒன்றா?

மருந்துப்_பெட்டி | புதன், மதியம் 1.15

இல்லை தம்பி. அது பக்கவிளைவுகளைத் தரம் பிரிக்கிற பொதுப் பட்டியல், ஆராய்ச்சிச் சிகிச்சைகளில் எல்லாரும் பயன்படுத்துவது. அதில் குமட்டலின் தரம் பெரும்பாலும் சாப்பாட்டை வைத்துத்தான். பசி குறைந்தும் சாப்பிடும் பழக்கம் மாறவில்லை என்றால் 1. சாப்பிடுவது குறைந்தது, ஆனால் எடை பெரிதாக இறங்கவில்லை என்றால் 2. தேவையான அளவு உள்ளே போகாமல் டியூப் வழியாகவோ ஊசி வழியாகவோ உணவு, திரவம் தர வேண்டிவந்தால் 3. பிள்ளை எவ்வளவு அவதிப்பட்டது என்பதற்கு அதில் கட்டமே இல்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு அம்மாவுக்காக நாலு வாய் சாப்பிடுகிற பிள்ளைக்குக் கிரேடு 1தான் கிடைக்கும்.

அப்போது_16 | புதன், இரவு 8.50

எனக்கு 16 வயதில் கீமோ. இப்போது வேலைக்குப் போகிறேன். இங்கே எல்லாரும் பெற்றோர், சிஸ்டர், மருந்தாளர். கட்டிலில் படுத்திருந்தவர் குரலும் கேட்கட்டும்.

நான்காவது சுற்றிலிருந்து எனக்கு ஆஸ்பத்திரி வாசலிலேயே குமட்ட ஆரம்பித்துவிட்டது. மருந்து இன்னும் பார்மஸியைவிட்டுக் கிளம்பியிருக்காது. போர்ட்டில் (மருந்து ஏற்றுவதற்காகத் தோலுக்கடியில் வைக்கும் சின்னக் கருவி) உப்புத் தண்ணீர் ஏற்றும்போது வாயில் ஒரு சுவை வருமே, ஏற்றிக்கொண்டவர்களுக்குத் தெரியும், அந்தச் சுவையை நினைத்தாலே போதும். இப்போது எழுதும்போதும் லேசாக வருகிறது.

அட்டையில் கீமோவுக்கு முன் என்ற கட்டமே கிடையாது. 'பிறகு' மட்டும்தான். ஆக, கீமோவுக்கு முன்னால் நான் வாந்தி எடுத்தால் அது எந்தக் கணக்கிலும் வராது. ஒரு தடவை 'பயம்' என்று எழுதிவிட்டுப் போனார்கள். பயம் இல்லை. பயம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், இது வேறு.

அப்புறம், 16 வயதுப் பையனிடம் அம்மா முன்னால் கேட்காதீர்கள். அம்மா ராத்திரி முழுக்கத் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறாள், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு "4" என்று எப்படிச் சொல்வது? நான் சொன்னதெல்லாம் 2தான். ஒரு சிஸ்டர் மட்டும் அட்டையையும் பேனாவையும் கொடுத்து, "நீயே போட்டுட்டு கவுத்து வை" என்று சொல்லிவிட்டுப் போவார். அவருடைய ஷிஃப்டில் மட்டும்தான் என் அட்டையில் உண்மை இருந்தது.

வார்டு_சிஸ்டர் | வியாழன், காலை 6.40

தம்பி, இதை எங்கள் வார்டில் படித்துக் காட்டப்போகிறேன், பெயரில்லாமல்தான். உங்களுக்கு வந்தது முன்கூட்டியே வரும் குமட்டல். முந்தின சுற்றுகளில் குமட்டல் சரியாக அடங்காமல் போனால், மூளை இடத்தையும் வாசனையையும் சுவையையும் அதோடு சேர்த்துக் கட்டிவிடும். ஒருமுறை கட்டிவிட்டால் அவிழ்ப்பது கஷ்டம், வழக்கமான மருந்துகளும் அதற்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. அதனால்தான் முதல் சுற்றிலேயே சரியாக அளந்து சரியாக அடக்க வேண்டும். கவலைக்கான மருந்து, மனதைத் தளர்த்தும் பயிற்சி என்று சில வழிகள் உண்டு, ஆனால் 'முன்' என்ற கட்டம் அட்டையில் இருந்தால்தானே அது யார் கண்ணிலாவது படும்?

8 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு எஸ்எஸ்பெடி என்று ஒன்றும் இருக்கிறது. 15 தொந்தரவுகள், ஒவ்வொன்றும் எவ்வளவு படுத்துகிறது என்று பிள்ளையே போட வேண்டும். 'வாந்தி, அல்லது வாந்தி வரும்போல இருப்பது' அதில் ஒன்று. வாய் ருசி மாறுவது, பசி, மலச்சிக்கல் எல்லாம் தனித்தனியாக வரும். குமட்டலா ருசி மாற்றமா என்று நாம் குழம்பும் இடத்தில் அது உதவும். 4 முதல் 7 வயதுக்குச் சின்ன வடிவமும் வந்திருக்கிறது.

ஒன்றரை_வயது_வால் | வியாழன், மதியம் 3.30

எங்கள் குட்டிக்கு ஒன்றரை வயது. 'மா', 'வா', 'ஊ' மூன்றுதான் பேச்சு. எங்களுக்கு என்ன வழி?

வார்டு_சிஸ்டர் | வியாழன், மாலை 6.15

4 வயதுக்குக் கீழே பிள்ளையிடம் கேட்டு அளக்கிற நம்பகமான கருவி கிடையாது. நீங்களும் நாங்களும் பார்த்துத்தான் எழுத வேண்டும். ஆனால் 'குமட்டல் மாதிரி இருக்கு' என்று எழுதாதீர்கள். கண்ணால் கண்டதை எழுதுங்கள்: 4.10க்கு முகம் வெளுத்தது, நெற்றியில் வியர்வை, எச்சில் ஒழுகியது, பால் பாட்டிலைக் கண்டதும் முகத்தைத் திருப்பினான், பிடித்த பொம்மையைக் கொடுத்தும் கை நீட்டவில்லை, அசையாமல் கிடந்தான், 4.40க்குத் தெளிந்து எழுந்து உட்கார்ந்தான். இப்படி மூன்று நாள் எழுதினால் ஒரு சாயல் தெரியும். குறிப்பாக அசையாமல் கிடப்பதைக் கவனியுங்கள். வலி வந்த குழந்தை பல சமயம் துடிக்கும், அழும். குமட்டல் வந்த குழந்தை ஆடாமல் அசங்காமல் கிடக்கும், அசைந்தால் அதிகமாகும் என்று அதற்குத் தெரியும். 'சமத்தாக இருக்கிறான்' என்று நாங்களே எழுதிவிட்டுப் போன நாட்கள் உண்டு.

மருந்துப்_பெட்டி | வியாழன், இரவு 7.00

இதோடு ஒன்று சேர்க்கிறேன். குமட்டலுக்கு ஓலான்ஸபின் போன்ற மருந்து கொடுத்தால் பிள்ளை நன்றாகத் தூங்கும். தூங்குகிற பிள்ளைக்கு அட்டையில் 'இல்லை' என்று போடக் கூடாது. 'தூக்கம், கேட்கவில்லை' என்று போட வேண்டும். இரண்டும் ஒன்றில்லை. அதற்காகக் குமட்டலைக் கேட்கத் தூக்கத்தைக் கெடுக்கவும் வேண்டாம்.

எண்ணில்_நம்பிக்கையில்லை | வெள்ளி, காலை 10.25

நேற்று மகளிடம் (இப்போது 8 வயது) கேட்டேன், அப்போது ஏன் எப்போதும் சிரிக்கிற மூஞ்சியைத் தொடுவாய் என்று. "மத்த மூஞ்சியைத் தொட்டா நீ அழுவே" என்றாள்.

முகத்தைப் பார்த்தால் தெரியாதா என்று எழுதினேன். அவள்தான் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

இப்போது கேள்வி. நான் 3 என்கிறேன், அவள் 1 என்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருடையதை எழுதுவது?

வார்டு_சிஸ்டர் | வெள்ளி, மாலை 4.50

இரண்டையும். 'குழந்தை 1, அம்மா 3' என்று பக்கத்தில் பக்கத்தில். குழந்தையின் எண்ணை அடித்துவிட்டு உங்களுடையதை எழுதினால், அடுத்த தடவை அவள் உங்களைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லுவாள். "இல்ல கண்ணு, நல்லா யோசிச்சு சொல்லு" என்று அவள் முன்னால் சொல்வதும் அதே மாதிரிதான். டாக்டருக்கு அந்த இடைவெளியே ஒரு தகவல். பெரிய இடைவெளி தொடர்ந்து வந்தால் சொல் புரியவில்லை, அல்லது சொல்லப் பயம், அல்லது அம்மாவுக்குப் பயம். மூன்றையும் விசாரிக்கலாம்.

மருந்துப்_பெட்டி | வெள்ளி, இரவு 9.10

ஒரு எச்சரிக்கை சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. கீமோ பிள்ளைக்கு வரும் எல்லாக் குமட்டலும் கீமோக் குமட்டல் இல்லை.

வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்து தனியாக வாந்தி வரவைப்பது மிகக் குறைவு, ஆனால் குடலை மந்தப்படுத்தும். ஒன்டான்செட்ரானும் மலத்தைக் கட்டும். நாலு நாளாக வெளிக்குப் போகாத பிள்ளைக்கு வயிறு புரட்டினால், இன்னும் ஒன்டான்செட்ரான் கொடுப்பது சில சமயம் எரிகிற அடுப்பில் விறகு வைக்கிற கதைதான். அதனால் குமட்டல் எண்ணுக்குப் பக்கத்திலேயே கடைசியாக எப்போது மலம் போனது என்று ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின், சில ஆன்டிபயாட்டிக், வாய்ப்புண் இவையும் குமட்ட வைக்கும்.

காலையில் எழுந்ததும் தலைவலியோடு வாந்தி, அல்லது பிள்ளை வழக்கத்துக்கு மாறாக மந்தமாக இருப்பது, வயிற்றுவலி கடுமையாக இருப்பது (அஸ்பராஜினேஸ் என்ற கீமோ மருந்து போட்ட பிள்ளைக்குக் கணைய அழற்சி வரலாம்), பச்சையாகவோ இரத்தமாகவோ வாந்தி, காய்ச்சல், சிறுநீர் குறைவது என்றால் எண் போட்டுக்கொண்டு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்யுங்கள்.

இங்கே படித்ததை வைத்து மருந்தை நீங்களே கூட்டவோ மாற்றவோ வேண்டாம். டெக்ஸாமெத்தசோன் குமட்டலுக்கு நல்ல மருந்து, ஆனால் சில புற்றுநோய்களில், சில சிகிச்சைகளில் அதை வேண்டுமென்றே தவிர்ப்பார்கள். 'பக்கத்துக் கட்டில் பிள்ளைக்குக் கொடுத்தாங்களே' என்பதற்குப் பதில் பெரும்பாலும் அதுதான்.

தூக்கமில்லா_அம்மா | 16 நாள் கழித்து, ஞாயிறு, இரவு 9.30

எல்லாருக்கும் வணக்கம். நான்காவது சுற்று முடிந்து வீட்டில் இருக்கிறோம். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அட்மிஷன் அன்று தாளை ஒட்டினேன். 'தண்ணி நிக்குதா?' என்று பெரிதாக. ஒரு சிஸ்டர் சிரித்தார், இன்னொருவர் கோடு போட்டு நான்கு முகத்தை அவரே வரைந்து கொடுத்தார். கீமோவுக்கு முன் 1. முதல் நாள் மாலை 2. இரண்டாம் நாள் 2. மூன்றாம் நாள் மாலை 5 மணிக்கு அவளே கூப்பிட்டு மூன்றாவது முகத்தில் விரலை வைத்தாள், "தண்ணி வந்துடுச்சு" என்று. வாந்தி அப்போதும் 0தான்.

டியூட்டி டாக்டரிடம் எண்களோடு காட்டினேன். மற்ற நாலும் எப்படி என்று கேட்கத் துணிச்சல் வரவில்லை, தாளை மட்டும் நீட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "போன சுற்றிலும் மூணாம் நாள் இப்படித்தான் இருந்துச்சா?" என்று கேட்டார். போன சுற்றில் யாரும் எழுதவில்லையே, என்ன சொல்வது? மருந்தை மாற்றினார். மறுநாள் காலை 2, மாலையும் 2. 1 ஆகவில்லை. சாப்பாட்டு வண்டி வந்தபோது போர்வையை இழுத்துக்கொண்டாள், மூக்குவரை இல்லை, கழுத்துவரை. அடுத்த சுற்றுக்கு அந்த மருந்தை இரண்டாம் நாளே தொடங்கிவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

வெளிக்குப் போவதற்கும் ஒரு கட்டம் போட்டோம் மருந்துப்பெட்டி சார். அதற்கும் முகம் வரையச் சொல்லி அடம்பிடிக்கிறாள்.

மூன்றாம்_மாடி_அப்பா | திங்கள், காலை 7.15

அக்கா, சந்தோஷம். என் பையனிடமும் அட்டையைக் கொடுத்துவிட்டேன், அவனே போட்டுக் கவிழ்த்து வைக்கிறான். ஒரே சிக்கல். 2க்கும் 3க்கும் நடுவில் கோடு போட்டு 'இரண்டரை' என்று எழுதுகிறான். அப்படிப் போடலாமா சிஸ்டர்?

வார்டு_சிஸ்டர் | திங்கள், மாலை 5.20

அட்டையில் அதற்கு இடமில்லை, பெரிய எண்ணில் ஏற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். 'இரண்டரை' என்று ஓரத்தில் எழுதியதை அழிக்காதீர்கள், நான் என்றால் அதைத்தான் முதலில் படிப்பேன்.